அரியர் வைத்த மெஷின்கள்!

ஒரு சின்ன கற்பனை ஃப்ரெண்ட்ஸ்... உங்க கிளாஸில் நாலு வருஷமும் கடைசி பெஞ்ச், அரியர் மேல் அரியர், 'இவன் எங்கே உருப்படப் போறான்' என்று ஹெச்.ஓ.டி. முதல் வாட்ச்மேன் வரை எல்லாராலும் கைகழுவப்பட்ட ஒருத்தன். அவனே கொஞ்ச வருஷம் கழித்து அதே காலேஜ் ஆடிட்டோரியத்துக்கு சீஃப் கெஸ்ட்டாக வந்து மாலை வாங்கினால் எப்படி இருக்கும்?

'போங்க பாஸ், சினிமா கதை' என்கிறீர்களா? நிஜமாகவே நடந்திருக்கு! என்ன ஒன்று, ஹீரோ மனுஷன் இல்லை. இரண்டு எலெக்ட்ரானிக் பெட்டிகள்.

ஒன்று, டி.ஆர்-808 என்கிற டிரம் மெஷின். இன்னொன்று, டி.பி-303 என்கிற வெள்ளி நிற குட்டி பேஸ் மெஷின். இரண்டையும் செய்தது ஜப்பானின் ரோலண்ட் கம்பெனி. வந்த புதிதில் இரண்டுமே மார்க்கெட்டில் ஊத்திக்கொண்டன. இன்றைக்கு இந்த இரண்டின் சத்தத்தைக் கேட்காமல் நீங்கள் ஒரு கல்ச்சுரல்ஸ் டான்ஸ் போட்டியைக்கூட தாண்ட முடியாது!

இந்தக் கதையை நான் ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கும் இந்த மெஷின்களுக்கும் ஒரு ரத்த சம்பந்தம் உண்டு. நானும் அரியர் கேஸ்! இ.சி.இ. மூன்றாம் வருஷம். 'லீனியர் இன்டக்ரேட்டட் சர்க்யூட்ஸ்' பேப்பரில் போன செமஸ்டர் அவுட். ஆப்-ஆம்ப், ஃபில்டர், ஆஸிலேட்டர் என்று பக்கம் பக்கமாக டப்பா அடித்தும் ஒன்றும் ஏறவில்லை. 'இதெல்லாம் எங்கேதான் யூஸ் ஆகுது?' என்ற எரிச்சலில் தேட ஆரம்பித்ததில்தான் இந்தப் பெட்டிகள் கண்ணில் பட்டன. உள்ளே திறந்து பார்த்தால்... அட, முழுக்க முழுக்க என் அரியர் பேப்பர்!

'ஆ'வும் 'ஊ'வும்!

முதலில் அனலாக் சிந்தசைசர் என்றால் என்ன? லேப், ரெக்கார்ட் நோட்டு எதுவும் வேண்டாம். உங்க தொண்டையே போதும்.

ஒரே சுருதியில் 'ஆ...' என்று இழுங்கள். சுருதியை மாற்றாமல் வாயை மட்டும் குவித்து மெதுவாக 'ஊ...'வுக்கு வாருங்கள். (பக்கத்தில் ரூம்மேட் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது!) சுருதி அதேதான். ஆனால், சத்தத்தின் பளபளப்பு குறைந்து மழுங்கிவிட்டது இல்லையா? தொண்டையில் இருந்து வந்தது ஏகப்பட்ட அதிர்வெண்கள் கலந்த ஒரு கரடுமுரடான சத்தம். வாய் அதில் சிலதை விட்டு, சிலதை அடக்கிவிட்டது.

சிந்தசைசரும் இதைத்தான் செய்கிறது. தொண்டைக்குப் பதில் ஆஸிலேட்டர். அது ரம்பப் பல் மாதிரியோ, சதுரமாகவோ ஒரு அலையை உருவாக்கும். வாய்க்குப் பதில் ஃபில்டர். சத்தம் எப்போது எழும்பி, எப்போது அடங்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு ஆம்ப்ளிஃபயரும், அதை மேய்க்க 'என்வலப்' என்கிற சர்க்யூட்டும். அவ்வளவுதான் குடும்பம்.

இதில் மாஸ்டர் பீஸ் ஐடியா எது தெரியுமா? இவை எல்லாவற்றையும் வோல்டேஜால் கட்டுப்படுத்துவது. பல கம்பெனிகள் பிடித்துக்கொண்ட கணக்கு ஒரு வோல்ட்டுக்கு ஒரு ஸ்தாயி. கீபோர்டில் இருந்து வரும் வோல்டேஜ் ஒன்று கூடினால், கீழ் 'ஸ' மேல் 'ஸ' ஆகிவிடும். ஒரு ஆஸிலேட்டர் தரும் வோல்டேஜை எடுத்து இன்னொன்றின் காதில் ஓதினால், அது ஆட ஆரம்பித்துவிடும். பேட்ச் கார்டு என்கிற ஒயர்களைக் குத்திக் குத்தி புதுப் புது சத்தம் பிடிக்கலாம்.

இந்த வழியைப் போட்டுக் கொடுத்தவர் அமெரிக்காவின் ராபர்ட் மூக். (அவர் தன் பெயரை 'மோக்' என்றுதான் உச்சரிப்பார். நமக்கு 'மூக்'தான் வாயில் வருகிறது, மன்னிச்சுடுங்க சார்!) 1964-ல், ஹெர்ப் டாய்ச் என்கிற இசையமைப்பாளருடன் சேர்ந்து முதல் மாடலைச் செய்தார். அப்போது அவர் பிஹெச்.டி. ஸ்டூடண்ட்! கிட்டத்தட்ட அதே சமயத்தில் கலிஃபோர்னியாவில் டான் புக்லா என்பவர் தனியாக இன்னொரு சிந்தசைசர் செய்துகொண்டிருந்தார். அதில் வழக்கமான பியானோ கட்டைகளே கிடையாது. தொட்டால் பேசும் தகடுகள்தான்.

மூக்கின் மெஷின் உலகத்துக்குத் தெரிந்தது 1968-ல். வெண்டி கார்லோஸ் அதில் பாக்கின் இசையை வாசித்து 'ஸ்விட்ச்டு-ஆன் பாக்' ஆல்பத்தை வெளியிட, சக்கைப்போடு போட்டது. சுவரை அடைக்கும் அந்த ராட்சஸனைச் சுருக்கி, ஒயர் குத்தும் வேலை இல்லாமல் கையில் தூக்கிப் போகிற மாதிரி 1970-ல் வந்ததுதான் மினிமூக். மூன்று ஆஸிலேட்டர், ஏணி வடிவ டிரான்சிஸ்டர் ஃபில்டர்.

ஒரு சின்ன பெருமை... மூக் சிந்தசைசர் இந்தியாவுக்கு 1969-லேயே வந்துவிட்டது. அகமதாபாத்தில் உள்ள நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டிசைனில் டேவிட் டியூடர் என்ற அமெரிக்க இசைக் கலைஞர் அதை நிறுவிக் கொடுக்க, கீதா சாராபாய் உட்பட நம்ம ஆட்கள் சிலர் அதில் ஒலி ஆராய்ச்சி செய்தார்கள். 1972-க்குப் பிறகு ஸ்டுடியோ அடங்கிப் போனது. டேப்கள் அலமாரியில் தூங்கி, அரை நூற்றாண்டு கழித்து 2023-ல்தான் ஆல்பமாக வெளிவந்தன. அலமாரியில் தூங்குவது நம்ம ஊரில் புதுசா என்ன!

முதல் அரியர்: 808

1980-ல் ரோலண்ட் டி.ஆர்-808-ஐ விற்பனைக்கு விட்டது. விலை 1,195 டாலர். சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெள்ளை என்று வரிசையாக 16 பட்டன்கள். நாலு பீட், ஒவ்வொரு பீட்டுக்கும் ஒரு 'தகதிமி' என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் அடி விழ வேண்டுமோ அந்தப் பட்டனை அழுத்தினால் போதும். மிருதங்கம் கற்காதவனும் தாளம் போடலாம்.

பிரச்னை என்னவென்றால், அதே 1980-ல் அமெரிக்காவில் லின் எல்.எம்-1 என்ற மெஷின் வந்திருந்தது. அது நிஜ டிரம்ஸ் ஒலியைப் பதிவு செய்து சிப்பில் வைத்திருந்தது. விலை கிட்டத்தட்ட ஐயாயிரம் டாலர். பணக்கார ஸ்டுடியோக்கள் அந்தப் பக்கம் ஓடிவிட்டன. 808-ன் சத்தமோ டிரம் மாதிரியே இல்லை என்று நிறைய பேர் உதட்டைப் பிதுக்கினார்கள்.

உண்மைதான். அது டிரம்மே இல்லை! உள்ளே 'பிரிட்ஜ்டு-டி' என்ற சர்க்யூட் இருக்கிறது. கோயில் மணியை ஒரு தட்டு தட்டினால் 'டண்ண்ண்...' என்று முழங்கி அடங்குமே, அதேதான். ஒரு சின்ன வோல்டேஜ் பல்ஸால் சர்க்யூட்டைத் தட்டுகிறார்கள். அது 'தும்ம்ம்...' என்று அதிர்ந்து அடங்குகிறது. அதுதான் அந்த நெஞ்சைக் குலுக்கும் கிக்! ஹை-ஹாட்டுக்கும் சிம்பலுக்கும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத ஆறு சதுர அலைகளைக் கலந்து வடிகட்டுகிறார்கள். அதே ஆறில் இரண்டை மட்டும் எடுத்தால் மாட்டு மணி! கைதட்டலுக்கு வெறும் இரைச்சலை எடுத்து 'சட் சட் சட்' என்று வெட்டிவிடுகிறார்கள். எல்லாமே என் சிலபஸ்!

இன்னொரு ருசிகரமான விஷயம். அந்த 'ஸ்ஸ்' இரைச்சலுக்காக ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ காகேஹாஷி, தரத்தில் தேறாத டிரான்சிஸ்டர்களைத் தேடிப் பிடித்து வாங்கினாராம். அதாவது, ஃபேக்டரியே ஃபெயில் போட்டு ஒதுக்கிய பார்ட்! அப்புறம் செமிகண்டக்டர் தயாரிப்பு முன்னேறி, 'கெட்ட' டிரான்சிஸ்டர் கிடைப்பதே நின்று போனது. 1983-ல் 808-க்கு மூடுவிழா. மொத்தம் சுமார் 12,000 மெஷின்கள்தான் வெளியே வந்திருந்தன.

கைவிடப்பட்ட மெஷின்கள் செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு வந்தன. விலை இறங்கியது. காசில்லாத பசங்க கையில் சிக்கியது. ஏற்கெனவே 1982-ல் ஆஃப்ரிக்கா பம்பாட்டாவின் 'பிளானெட் ராக்' பாட்டும், மார்வின் கேயின் 'செக்ஷுவல் ஹீலிங்' பாட்டும் 808-ஐ வைத்து ஹிட் அடித்திருந்தன. பிறகு ஹிப்-ஹாப் மொத்தமும் அதைத் தத்தெடுத்துக்கொண்டது. 2008-ல் கான்யே வெஸ்ட் தன் ஆல்பத்தின் பெயரிலேயே '808' என்று போட்டார். யோசித்துப் பாருங்க... ஒரு மாடல் நம்பருக்கு இப்படி ஒரு மரியாதை!

இரண்டாவது அரியர்: 303

808-ஆவது பரவாயில்லை. டி.பி-303-ன் கதை இன்னும் பாவம். கிதார்காரர் தனியாக ப்ராக்டீஸ் செய்யும்போது கூடவே பேஸ் வாசிக்க ஆள் இல்லையே என்று 1981-ல் செய்தது. டிசைன் செய்தவர் ததாவோ கிகுமோதோ. ஒரே ஆஸிலேட்டர், ஒரே ஃபில்டர். நிஜ பேஸ் கிதாருக்கும் அதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். புரோகிராம் செய்வது அதைவிட கொடுமை. ஸ்வரத்தைத் தனியாக, தாளத்தைத் தனியாக உள்ளே ஏற்ற வேண்டும். நடுவில் ஒரு தப்பு விட்டால் வேறு ஏதோ டியூன் வரும்! சுமார் 10,000 மெஷின்களோடு 1984-ல் கடையைக் கட்டினார்கள்.

ஆனால், சிகாகோவில் ஃப்யூச்சர் என்கிற குழுவைச் சேர்ந்த மூன்று பசங்க செகண்ட் ஹேண்டில் ஒன்றை வாங்கினார்கள். சரியாக வாசிக்கத் தெரியாமல், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபில்டர் குமிழ்களைத் திருகிப் பார்த்தார்கள். நெளிந்து, குழைந்து, கிறீச்சிட்டு ஒரு சத்தம்! அதை அப்படியே பதிவு செய்து ஒரு கிளப் டி.ஜே.யிடம் கொடுத்தார்கள். முதல் தடவை போட்டபோது ஆடுகளம் காலியாகிவிட்டதாம். அதே ராத்திரியில் நாலாவது தடவை போட்டபோது கூட்டம் தலைகீழாக நின்று ஆடியது என்று அந்தக் குழுவின் டி.ஜே. பியர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1987-ல் 'ஆசிட் டிராக்ஸ்' என்று ரிலீஸானது. 'ஆசிட் ஹவுஸ்' என்று ஒரு இசை வகையே பிறந்தது.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன்.

பம்பாயில் ஒரு சிங்!

சிகாகோ பசங்களுக்கு ஐந்து வருஷம் முன்னாடியே, 1982-ல், பம்பாயில் ஒருத்தர் இதே 303, இதே 808, கூடவே ஜூபிடர்-8 என்ற சிந்தசைசர்... மூன்றையும் ஒயரால் இணைத்து ஒரு முழு ஆல்பமே போட்டுவிட்டார். பெயர் சரண்ஜித் சிங். ஹிந்தி சினிமா ஆர்க்கெஸ்ட்ராக்களில் கிதாரும் கீபோர்டும் வாசித்த செஷன் கலைஞர். பாட்டு ஹிட்டானாலும் போஸ்டரில் பெயர் வராத ரகம்.

அது டிஸ்கோ காலம். அவருக்கு ஒரு யோசனை. ராகத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தபலாவைத் தூக்கிவிட்டு டிஸ்கோ பீட்டைப் போட்டால் என்ன? பத்து ராகங்கள். 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. யமன் (நம்ம கல்யாணி), பூபாலி (நம்ம மோகனம்), மால்கௌன்ஸ் (நம்ம ஹிந்தோளம்) எல்லாம் உண்டு.

இதில் ஒரு டெக்னிக்கல் அழகு இருக்கு. 303-ல் 'ஸ்லைடு' என்று ஒரு வசதி. ஒரு ஸ்வரத்தில் இருந்து அடுத்ததுக்குத் தாவாமல் வழுக்கிக்கொண்டு போகும். காரணம், உள்ளே ஒரு கபாசிட்டர் மெதுவாக சார்ஜ் ஆவதுதான். கீபோர்டில் கமகம் வராது என்று நம்ம பாட்டு வாத்தியார்கள் கம்ப்ளெயின்ட் செய்வார்களே... ஒரு கபாசிட்டர் அதை ஓரளவுக்குத் தொட்டுக் காட்டுகிறது! நம் ஊருக்கு இது புதுசும் இல்லை. 1954-ல் வந்த 'நாகின்' படத்தின் அந்த ஃபேமஸ் மகுடி இசை இருக்கே, அதில் நிஜ மகுடி கிடையாது. கல்யாண்ஜி 'கிளாவியோலின்' என்ற எலெக்ட்ரானிக் கீபோர்டில் வாசித்ததுதான்.

சரி, சரண்ஜித் சிங்கின் ஆல்பம் என்ன ஆச்சு? ஒன்றும் ஆகவில்லை. விற்கவில்லை. அவரும் கல்யாணக் கச்சேரி, ரெக்கார்டிங் என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். அப்புறம் எடோ பௌமன் என்கிற நெதர்லாந்துக்காரர் பழைய இசைத்தட்டுக் கடையில் அதைக் கண்டெடுத்து, சிங்கைத் தேடிப் பிடித்து, 2010-ல் மறுபடியும் வெளியிட்டார். உலகமே அசந்தது. எழுபது வயதுக்கு மேல் ஐரோப்பிய மேடைகளில் ஏறி அதே மெஷின் இசையை வாசித்தார் மனுஷன். 2015-ல் காலமானார்.

'அப்போ ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தது இந்தியன்தான்!' என்று உடனே ஸ்டேட்டஸ் போட்டுவிடாதீர்கள். சிகாகோ பசங்களுக்கு இவரைத் தெரியாது, இவருக்கு அவர்களைத் தெரியாது. இவர் ஒரு புது இசையைக் கண்டுபிடிக்க உட்காரவில்லை. கையில் கிடைத்த மெஷினில் தனக்குத் தெரிந்த ராகத்தை வாசித்தார். என்னை உறுத்துவது வேறு. இடையில் போன அந்த 28 வருஷம். பாராட்டு வந்தபோது அவர் தாத்தா. யாருமே தேடி வராமல் இருந்திருந்தால்? ஆல்பத்தின் ஒரு ஸ்வரம்கூட மாறியிருக்காது. ஆனால் நமக்கு அவர் பெயரே தெரிந்திருக்காது.

இன்றைய வாரிசுகள்

ஒரிஜினல் 808-க்கு இன்று சில லட்ச ரூபாய் ஆகும். பதற வேண்டாம், வாரிசுகள் இருக்கு.

2013-ல் கோர்க் கம்பெனி 'வோல்கா' என்று பேட்டரியில் ஓடும் குட்டி அனலாக் பெட்டிகளை இறக்கியது. தன்னுடைய 1978 மாடலான எம்.எஸ்-20-ஐயும் அதே வருஷம் கொஞ்சம் சுருக்கி மறுபடி கொண்டுவந்தது. பெஹ்ரிங்கர் 2019-ல் 808, 303 இரண்டுக்கும் அனலாக் நகல் எடுத்து குறைந்த விலைக்கு விட்டது. ரோலண்டே 2017-ல் டி.ஆர்-08 என்று வெளியிட்டது. ஆனால், அது பழைய சர்க்யூட்டின் நடத்தையை டிஜிட்டலாகக் கணக்குப் போட்டுக் காட்டும் மெஷின். பைசா செலவழிக்க மனசில்லையா? வி.சி.வி. ராக் என்ற இலவச சாஃப்ட்வேரில் ஒயர் குத்திப் பழகலாம்.

'அனலாக்கா, டிஜிட்டலா, எது பெட்டர்?' என்று கேன்டீனில் சண்டை போடலாம். ஆனால், ஒன்றை மறைக்கக் கூடாது. அனலாக்கில் தொல்லை ஜாஸ்தி. டிரான்சிஸ்டர் சூட்டுக்கு இளகும். பழைய மினிமூக் மேடை விளக்கு வெப்பத்தில் சுருதி விலகும். வீணை, தம்புரா மாதிரி அடிக்கடி சரி செய்துகொள்ள வேண்டும். 1983-ல் யமஹா டி.எக்ஸ்-7 என்ற டிஜிட்டல் கீபோர்டு வந்ததும் எல்லாரும் அனலாக்கை அம்போ என்று விட்டது அதனால்தான். பிறகு ஏன் திரும்பி வந்தார்கள்? ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு குமிழ் இருக்கு. திருகினால் உடனே காதில் பதில். மெனுவுக்குள் மெனு தேட வேண்டாம்.

நீங்களே செய்யலாம்!

ஃபர்ஸ்ட் இயர் லேபில் 555 டைமரை வைத்து எல்.இ.டி. மினுக்குவோமே, ஞாபகம் இருக்கா? ஃபார்முலா 1.44-ஐ (ஆர்1 + 2 ஆர்2) பெருக்கல் சி-யால் வகுக்க வேண்டும். ஆர்1-க்கு 1 கிலோ ஓம், ஆர்2-க்கு 100 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், சி-க்கு 10 மைக்ரோஃபாரட், 9 வோல்ட் பேட்டரி. பொட்டென்ஷியோமீட்டர் முழுசாகத் திருகியிருந்தால், சுமார் ஒன்றரை நொடிக்கு ஒரு தடவை லைட் மினுக்கும். கணக்கை விடை மாறாமல் எழுதி மார்க் வாங்கிவிட்டு மறந்துவிடுவோம்.

இப்போது கபாசிட்டரை மட்டும் கழற்றி 0.1 மைக்ரோஃபாரட் போடுங்கள். 555-ன் மூன்றாவது பின்னில் இருந்து ஒரு 10 மைக்ரோஃபாரட் கபாசிட்டர் வழியாக சின்ன ஸ்பீக்கருக்கு ஒயர் கொடுங்கள். மினுக்கல் நூறு மடங்கு வேகமாகிவிட்டது. வினாடிக்கு சுமார் 70 தடவை. கண்ணுக்குத் தெரியாது. காதுக்குக் கேட்கும்! பொட்டென்ஷியோமீட்டரைத் திருகி ஆர்2-ஐ 10 கிலோ ஓமுக்குக் கொண்டுவந்தால் சுமார் 690 ஹெர்ட்ஸ். இதுதான் ஆஸிலேட்டர். பார்ட்ஸ் செலவு ஒரு சினிமா டிக்கெட் விலைகூட வராது.

போன மாசம் மதிய சாப்பாட்டு நேரத்தில் நான் இதை எங்க லேபில் செய்து பார்த்தேன். முதலில் சத்தமே வரவில்லை. பேட்டரி ஒயரை மாற்றிக் கொடுத்திருந்தேன் (அரியர் சும்மா வருமா!). ஐ.சி. காலி. இரண்டாவது ஐ.சி. போட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினேன். 'ப்ர்ர்ர்ர்ர்...' என்று ஒரு கர்ண கொடூரமான சத்தம். சத்தியமாகச் சொல்றேன், அந்த ஃபார்முலாவை நான் அதற்கு முன் நூறு தடவையாவது எழுதியிருப்பேன். அன்றைக்குத்தான் அது எனக்குக் கேட்டது.

லேப் அசிஸ்டென்ட் அண்ணன் டிபன் பாக்ஸோடு ஓடி வந்தார். "என்னப்பா, எதைப் புகைய விட்டே?"

"இல்லண்ணே... இதைத் திருகிப் பாருங்க" என்றேன்.

முறைத்தார். டிபன் பாக்ஸை டேபிளில் வைத்துவிட்டு ஒரு தடவை திருகினார். சத்தம் மேலே ஏறியது. கீழே இறக்கினார். மறுபடி ஏற்றினார். மணி அடித்து கிளாஸ் ஆரம்பித்த பிறகும் கையை எடுக்கவில்லை!

அரியர் பேப்பரை எழுதிவிட்டேன். ரிசல்ட் இன்னும் வரவில்லை. ஃபில்டர் கேள்விக்கு மட்டும் முழு மார்க் வரும் என்று நம்பிக்கை இருக்கு. மீதிக்கு... 808 வழி!